மேடையில் கணவர், மாடத்தில் நூலாசிரியை

1853ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் மாலை, இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியிலிருந்த எக்ஸிட்டர் ஹால் என்னும் பெருமண்டபம் நிரம்பி வழிந்தது. நாலாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய இடம் அது. அடிமை ஒழிப்புக் கழகத்தின் கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒருவரைப் பார்க்கவே வந்திருந்தனர். அவர் பக்கவாட்டு மாடத்தில் அமர்ந்திருந்தார். சிறிய உருவம், வயது நாற்பத்தொன்று. அவர் உள்ளே நுழைந்தபோது கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஆனால் அன்றிரவு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவருக்காக மேடையில் எழுந்து பேசியவர் அவருடைய கணவர்.

மாடத்தில் இருந்தவர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலின் ஆசிரியை. மேடையில் நின்றவர் கல்வின் ஸ்டோவ், எபிரேயமும் கிரேக்கமும் கற்ற விவிலியப் பேராசிரியர்.

நூலாசிரியர்கள் நாடு நாடாகச் சென்று தம் நூலைப் பற்றிப் பேசுவது இன்று பதிப்புத் தொழிலின் அன்றாட நடைமுறை. அவ்வகைப் பயணங்களின் தொடக்ககால வரலாற்றைத் தேடிப் புறப்பட்டபோதுதான் இந்தத் தம்பதியரிடம் வந்து சேர்ந்தோம். தேடியது நூல் விற்ற கதையை. கண்டெடுத்ததோ, யார் பேசலாம், யாருக்காக யார் பேசலாம் என்ற வழக்கின் கதை.

*

முதலில் இவர்களது இல்லறத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கல்வினுக்கு ஹாரியட் இரண்டாம் மனைவி. முதல் மனைவி எலைசா டைலர் ஹாரியட்டின் நெருங்கிய தோழி, 1834இல் இறந்துபோனார். தோழியை இழந்தவரும் மனைவியை இழந்தவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லப் போய், 1836 சனவரியில் சின்சினாட்டி நகரில் மணம் செய்துகொண்டனர். மணமான ஆறு மாதங்களுக்குள் கல்வின் கப்பலேறி ஐரோப்பா சென்றுவிட்டார். தாம் பணியாற்றிய லேன் இறையியல் கல்லூரிக்கு நூல்கள் வாங்குவதும், பிரஷ்ய நாட்டின் தொடக்கக் கல்வி முறையை ஆராய்வதும் அவர் மேற்கொண்ட வேலைகள். அவர் இல்லாதபோதே செப்டம்பரில் ஹாரியட்டுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஹாரியட் வைத்த பெயர்கள் எலைசா, இசபெல்லா. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் திரும்பிவந்து செய்தியறிந்த கல்வின், எலைசா, ஹாரியட் என்றே இருக்கட்டும் என்றார். இறந்த மனைவியின் பெயரும் இருக்கும் மனைவியின் பெயரும்! இதை அன்பு என்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று நமக்குத் தெரியவில்லை. ஹாரியட் உடன்பட்டார்.

ஆக, முதல் வெளிநாட்டுப் பயணம் அவருடையது. வீட்டில் தங்கியவர் இவர். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழாயிற்று.

கல்வினைப் பற்றி எழுதுவோர் பலர் அவரைச் சற்றுக் கேலியாகவே எழுதுகின்றனர். உடல்நலக் கவலை மிகுந்தவர். சிறு வயதில் ஆவியுருவங்கள் கண்முன் தோன்றியதாக நம்பியவர். பண விவகாரத்தில் சாமர்த்தியம் இல்லாதவர். எல்லாம் உண்மையே. ஆனால் 1840களின் தொடக்கத்திலேயே, இலக்கியமே உனக்கு விதித்த வழி, அதை மறுக்காதே என்று மனைவிக்குக் கடிதம் எழுதியவரும் அவர்தான். பெயரின் நடுவே உள்ள எழுத்தை விட்டுவிட்டு 'ஹாரியட் பீச்சர் ஸ்டோவ்' என்று முழுமையாக எழுது என்று சொன்னவரும் அவரே. அந்தக் காலத்துப் பேராசிரியர்களில் எத்தனை பேர் இப்படி எழுதியிருப்பார்கள்?

1849இல் சின்சினாட்டியைக் காலரா சூறையாடியது. சாமுவேல் சார்லஸ் என்ற ஒன்றரை வயது மகன் அதற்குப் பலியானான். அப்போதும் கல்வின் ஊரில் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தில் நீர்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். தன்னிடமிருந்து குழந்தை பறிக்கப்படும்போது ஓர் அடிமைத் தாய் என்ன பாடுபடுவாள் என்பதை அந்த மரணப் படுக்கையருகேதான் அறிந்துகொண்டதாக ஹாரியட் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். தம் தோற்றத்தை ஒரு சிட்டிகை மூக்குப்பொடியோடு ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டதும் அதே கடிதத்தில்தான்.

*

'அங்கிள் டாம்ஸ் கேபின்' வாஷிங்டனில் வெளிவந்த 'நேஷனல் எரா' வார இதழில் 1851 சூன் முதல் 1852 ஏப்ரல் வரை தொடராக வந்தது. தொடருக்குக் கிடைத்த தொகை 300 டாலர். 1852 மார்ச் 20ஆம் நாள் பாஸ்டன் பதிப்பாளர் ஜான் ஜூவெட் அதை இரு தொகுதிகளாக வெளியிட்டார். பதிப்பாளரோடு பேரம் பேசியவர் கல்வின். மணமான பெண்ணின் ஒப்பந்தமும் வருவாயும் கணவர் பெயரால் நடந்த காலம் அது. மனைவிக்கு ஒரு நல்ல பட்டு ஆடை வாங்கும் அளவுக்குக் காசு வந்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. முதல் மூன்று மாதங்களில் பத்து விழுக்காட்டு உரிமைத் தொகையாகப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வந்தது. ஓராண்டில் அமெரிக்காவில் விற்றவை மூன்று லட்சம் பிரதிகள்.

பிரிட்டனில் விற்றவை பதினைந்து லட்சம் என்று கணக்கிடுகின்றனர். அவற்றில் மிகப் பெரும்பான்மை ஆசிரியையின் அனுமதியின்றி அச்சிடப்பட்டவை. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே அன்று பதிப்புரிமை உடன்பாடு எதுவும் கிடையாது. பிரிட்டிஷ் நூல்களை அமெரிக்கர் திருடினர். அமெரிக்க நூல்களைப் பிரிட்டிஷார் திருடினர். இந்த நிலை மாறத் தொடங்க 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்நாட்டிலும் பாதுகாப்பு முழுமையாக இல்லை. பிலடெல்பியாவில் ஒருவர் நாவலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். ஸ்டோவ் வழக்குத் தொடுத்தார். மொழிபெயர்ப்பு மூலநூலின் படி ஆகாது என்று 1853இல் தீர்ப்பு வந்தது. நாடகமாக்கியவர்களும் ஒரு காசு தரவில்லை. உலகமே படித்த ஒரு நூலின் ஆசிரியைக்கு, அந்த உலகத்தின் பெரும்பகுதியில் தம் நூலின்மீது எந்த உரிமையும் இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அடிமை ஒழிப்புச் சங்கங்களிடமிருந்து அழைப்பு வந்தது. செலவு அவர்களுடையது. நாவல் பொய் என்று தென்மாநில இதழ்கள் எழுதியதற்கு மறுமொழியாக, சட்டங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் செய்தித்தாள் விளம்பரங்களையும் தொகுத்து 'எ கீ டு அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற சான்று நூலை ஹாரியட் அப்போதுதான் முடித்திருந்தார். அந்தப் புது நூல் அச்சிலிருந்து வெளிவந்த பருவத்தில் 'கனடா' என்ற நீராவிக் கப்பலில் புறப்பட்டனர். கணவர், தம்பி சார்லஸ் பீச்சர், மற்றொரு சகோதரரின் விதவை சாரா, அவருடைய மகன், சாராவின் சகோதரர் என்று ஒரு சிறு குடும்பமே சென்றது.

ஏப்ரலில் லிவர்ப்பூல் துறைமுகத்தில் இறங்கியபோது கரையில் மக்கள் இருபுறமும் வரிசையாக நின்றனர். யாரோ நண்பர் ஒருவர் வந்து அழைத்துப் போவார் என்று எண்ணியிருந்த ஹாரியட் திகைத்துப்போனார். அங்கிருந்து கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன், டண்டி. ரயில் நின்ற இடமெல்லாம் கூட்டம். எடின்பரோவில் ஏழை எளியவர் தந்த பென்னிக் காசுகளைத் திரட்டி ஆயிரம் பொன் சவரன்களாக மாற்றி வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தனர். ஓய்வின்றி அலைந்ததில் ஹாரியட் களைத்துப் படுக்கையில் விழுந்த நாட்களும் உண்டு.

ஒவ்வொரு கூட்டத்திலும் வரவேற்புரைக்கு ஏற்புரை வேண்டுமல்லவா? ஆணும் பெண்ணும் கலந்த அவையில் ஒரு கண்ணியமான பெண் எழுந்து பேசலாகாது என்பது ஹாரியட் வளர்ந்த சமய வட்டாரத்தின் நெறி. பிரிட்டனின் அடிமை ஒழிப்பாளரும் அந்த நெறியில் பின்தங்கியவர்கள் அல்லர். 1840இல் இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், அமெரிக்காவிலிருந்து முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த லுக்ரீஷியா மாட் முதலிய பெண் பேராளர்களுக்கு இருக்கை மறுத்து, தடுப்புக்குப் பின்னால் பார்வையாளராக உட்காரவைத்தவர்கள் அவர்கள். மணமான புதிதில் கணவரோடு வந்திருந்த எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் அந்தத் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் ஒரு வேர் அந்தத் தடுப்பின் அடியில்தான் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. 1853ஆம் ஆண்டளவில் லூசி ஸ்டோன் போன்றவர்கள் அமெரிக்காவில் பொதுமேடையில் பேசிக்கொண்டுதான் இருந்தனர். ஹாரியட் அந்த வழியில் போகவில்லை. அவருக்காகக் கல்வினும், சில சமயம் சார்லசும் பேசினர். எழுதி வைத்ததைக் கல்வின் படிப்பார். ஹாரியட் தலை தாழ்த்தி வணங்குவார்.

இந்த வாழ்க்கை அலுத்துவிட்டது என்று கல்வின் ஊருக்கு எழுதினார். எழுதாமல் எப்படி இருப்பார்? அவர் கற்ற எபிரேயத்தைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அவர் வாய் திறந்தால் மற்றொருவரின் குரலைத்தான் மக்கள் கேட்டனர்.

எக்ஸிட்டர் ஹாலில் மட்டும் அவர் தம் குரலில் பேசிவிட்டார். அமெரிக்காவின் பாவத்தைக் கண்டித்துக் கைதட்டும் இந்த அவையில் உள்ளவர்கள் உடுத்தியிருக்கும் பருத்தி எங்கிருந்து வருகிறது என்ற இடத்துக்குப் பேச்சைக் கொண்டுபோனார். அந்தக் காலத்தில் லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்ற பருத்தியில் பெரும்பங்கு அமெரிக்க அடிமைகள் பயிரிட்டது. நீங்கள் வாங்கும்வரை அடிமை முறை லாபம் தந்துகொண்டிருக்கும். விலை சிறிது கூடினாலும் பரவாயில்லை என்று சொல்ல ஆயத்தமா என்பதே அவர் கேட்டதன் சாரம். விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக் கேட்பது போன்ற கேள்வி இது. இந்தப் பயணம் முழுவதிலும் சொல்லப்பட்ட மிகத் துணிவான பேச்சு இதுவே என்பது நம் கருத்து. அதைச் சொன்னவர், மனைவியின் நிழலாக வந்தவர் என்று கேலி செய்யப்பட்டவர். சில நாட்களில், கல்லூரிப் பணி காத்திருக்கிறது என்று அவர் கப்பலேறிவிட்டார். ஹாரியட்டும் மற்றவர்களும் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று சுற்றிவிட்டுச் செப்டம்பரில்தான் திரும்பினர்.

*

கல்வின் கேட்ட கேள்வியின் நிழல் அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னமே ஓர் அரண்மனையில் விழுந்திருந்தது. மே 7ஆம் நாள் இலண்டன் ஸ்டாஃபோர்ட் ஹவுசில் சதர்லாந்துச் சீமாட்டி ஹாரியட்டுக்கு விருந்தளித்து, அடிமையின் விலங்கைப் போல வடித்த பொன் வளையம் ஒன்றை அணிவித்தார். அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் பிரிட்டன் ஒழித்த நாட்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்கப் பெண்களுக்கு பிரிட்டிஷ் பெண்கள் விடுத்த வேண்டுகோள் உருவானதும் அதே மாளிகையில், 1852 நவம்பரில்தான். ஐந்து லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்ட அந்த வேண்டுகோளை 26 தொகுதிகளாகக் கட்டி ஹாரியட்டிடம் கொடுத்தனர்.

சதர்லாந்து என்ற பெயர் ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் காதில் வேறுவிதமாக ஒலித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், செம்மறி ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்பதற்காக அந்தப் பண்ணையின் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் கொளுத்தப்பட்டன. 1814இல் அதை நடத்திய பட்ரிக் செல்லர் என்ற பண்ணை அலுவலர் 1816இல் விசாரிக்கப்பட்டு விடுதலையும் ஆனார். ஹாரியட்டுக்கு வளையம் அணிவித்தவர் அந்த வெளியேற்றத்தை நடத்திய சீமாட்டியின் மருமகள்.

கார்ல் மார்க்ஸ் 1853 பிப்ரவரியிலேயே, ஹாரியட் கப்பல் ஏறுவதற்கு முன்பே, 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' இதழில் சதர்லாந்துச் சீமாட்டியும் அடிமை முறையும் என்ற தலைப்பில் இதை எழுதிவிட்டார். எதிர்த் திசையிலிருந்தும் இதே குற்றச்சாட்டு வந்தது. முன்னாள் அமெரிக்க அதிபர் டைலரின் மனைவி ஜூலியா டைலர், அடிமைகளை உடைமையாகக் கொண்ட குடும்பத்தவர், உங்கள் ஊர் ஏழைகளை முதலில் கவனியுங்கள் என்று பிரிட்டிஷ் சீமாட்டிகளுக்குப் பகிரங்கமாக எழுதினார். மார்க்சும் அடிமைகளின் எசமானியும் ஒரே இடத்தில் விரல் வைத்தது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. இருவரின் நோக்கமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு ஹாரியட் சொன்ன மறுமொழிதான் நம்மை வருத்துகிறது. 1854இல் வெளிவந்த 'சன்னி மெமரீஸ் ஆஃப் ஃபாரின் லேண்ட்ஸ்' என்ற இரு தொகுதிப் பயண நூலில், ஒரு கடிதம் முழுவதையும் சதர்லாந்து குடும்பத்துக்காக வாதாட ஒதுக்கினார். நடந்தவை சீர்திருத்தம், முன்னேற்றம் என்று பண்ணையின் தரப்பு தந்த தகவல்களை வைத்து எழுதினார். தென்மாநில எசமானர்கள் தம்மைப் பற்றித் தாமே தந்த தகவல்களை நம்பியிருந்தால் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதப்பட்டே இராது. ஸ்ட்ராத்நேவரில் பிறந்து, எரியும் வீடுகளைக் கண்ணால் கண்டு, பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த டொனால்ட் மக்லவுட் என்ற கல்தச்சர் இதைப் படித்துக் கொதித்தெழுந்தார். ஹாரியட்டின் தலைப்பில் இருந்தது ஒளி மிக்க நினைவுகள். 1857இல் டொரண்டோவில் அவர் வெளியிட்ட மறுப்பு நூலின் தலைப்பு 'க்ளூமி மெமரீஸ்', இருண்ட நினைவுகள்.

வளையத்தில் பொறித்த நாட்களைப் பற்றி நமக்கும் ஒரு குறிப்பு உண்டு. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1834ஆம் ஆண்டிலேயே இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் மொரீஷியசுக்குப் போகத் தொடங்கிவிட்டன. பின்னர்ச் சென்னையிலிருந்து சென்ற தமிழரும் அந்தக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தனர். பொன்னில் அதைப் பொறிக்க யாருக்கும் தோன்றவில்லை.

*

இனிச் சொல்லப்போவது அந்தப் பயணத்தில் ஏற்றிக்கொள்ளப்படாத ஒருவரைப் பற்றியது.

ஹாரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். எசமானனின் தொல்லைக்குத் தப்பி, பாட்டியின் வீட்டுக் கூரைக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள பரணில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். 1842இல் வடக்கே தப்பி வந்தார். 1852இல் அவரை விலை கொடுத்து விடுவித்தனர். அப்போது நியூயார்க் மாநிலத்தில் ஓர் எழுத்தாளர் குடும்பத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். தம் வாழ்க்கையை நூலாக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, எழுத்துப் பயிற்சியில்லாத தாம் சொல்ல, ஸ்டோவ் எழுதினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ஸ்டோவ் இங்கிலாந்து போகும் செய்தி தெரிந்ததும், தம் மகள் லூயிசாவை உடன் அழைத்துப் போகுமாறு வேலை செய்த வீட்டு அம்மையார் மூலம் கேட்டுப் பார்த்தார். அடிமையாகப் பிறந்த, படித்த ஒரு பெண்ணை பிரிட்டிஷார் நேரில் பார்க்கட்டும் என்பது எண்ணம்.

ஸ்டோவ் மறுத்துவிட்டார். அங்கே கிடைக்கும் பாராட்டிலும் சீராட்டலிலும் பெண் கெட்டுப்போவாள் என்றார். மறுத்ததோடு நிற்கவில்லை. ஜேக்கப்ஸ் நம்பிக்கையோடு சொல்லியனுப்பிய அந்தரங்க வரலாற்றை, உண்மைதானா என்று கேட்டு அவர் வேலை செய்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார். உண்மையென்றால் தம் சான்று நூலில் சேர்த்துக்கொள்வதாகவும் தெரிவித்தார். எசமானனிடமிருந்து தப்ப வேறொரு வெள்ளையனின் குழந்தைகளுக்குத் தாயான கதை அது. தாம் வேலை செய்த வீட்டில் ஜேக்கப்ஸ் சொல்லாமல் வைத்திருந்த கதை. அவர் மனம் எப்படிப் புண்பட்டிருக்கும் என்பதைத் தோழி ஏமி போஸ்டுக்கு அவர் எழுதிய கடிதங்களில் காணலாம்.

கூட்டத்தில் வாய் திறந்தால் பெண்ணுக்கு அடக்கமில்லை என்ற விதிக்குக் கட்டுப்பட்டு மாடத்தில் அமர்ந்தவர், மற்றொரு பெண் பாராட்டினால் கெட்டுவிடுவாள் என்று சொன்னதை எப்படிப் புரிந்துகொள்வது? கயமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நூல் வெளியான ஓராண்டில் உதவி கேட்டு வந்த கடிதங்கள் குவிந்திருந்தன. சான்றில்லாத ஒன்றை எழுதினால் எதிரிகள் விடமாட்டார்கள் என்ற அச்சமும் இருந்தது. ஆயினும் மன்னிக்கவும் முடியவில்லை. ஜேக்கப்சும் மன்னிக்கவில்லை. இனி என் கதையை நானே எழுதுவேன் என்று முடிவு செய்தார்.

அவருடைய எழுத்து முதன்முதலாக அச்சேறியது அதே 1853 சூன் மாதத்தில், நியூயார்க் 'டிரிப்யூன்' இதழில். பிரிட்டிஷ் சீமாட்டிகளுக்கு ஜூலியா டைலர் எழுதிய கடிதத்துக்கு, தப்பி வந்த அடிமை ஒருத்தி என்ற பெயரில் விடுத்த மறுமொழி அது. ஸ்டோவ் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். பகல் வேலை முடிந்து குழந்தைகள் உறங்கிய பின் இரவுகளில் எழுதி, சில ஆண்டுகளில் ஜேக்கப்ஸ் தம் நூலை முடித்தார். 1858இல் கையெழுத்துப் படியோடு தாமே இங்கிலாந்து சென்று பதிப்பாளரைத் தேடினார். வரிசையில் நின்று வரவேற்க எவரும் இல்லை, பதிப்பாளரும் கிடைக்கவில்லை. 'இன்சிடென்ட்ஸ் இன் தி லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்' 1861இல் பாஸ்டனில், ஆசிரியர் செலவில், புனைபெயரில் வெளிவந்தது. லிடியா மரியா சைல்ட் பதிப்பித்தார். நெடுங்காலம் அதைச் சைல்ட் எழுதிய நாவல் என்றே பலர் நினைத்திருந்தனர். ஜேக்கப்சே எழுதினார் என்பதைக் கடிதச் சான்றுகளோடு நிறுவியவர் ஜீன் ஃபேகன் யெல்லின். அவருடைய பதிப்பு 1987இல் வந்தது. தம் கதையைத் தாமே சொன்னார் என்று உலகம் ஒப்புக்கொள்ள நூற்று இருபத்தாறு ஆண்டுகள்!

*

ஸ்டோவ் தம்பதியரின் இரண்டாம் பயணம் 1856இல். இம்முறை காரணம் அழைப்பு அன்று, சட்டம். வெளிநாட்டு எழுத்தாளர் பிரிட்டிஷ் மண்ணில் இருக்கும்போது நூல் வெளியானால் மட்டுமே அங்கே அவருக்குப் பதிப்புரிமை என்று 1854இல் ஜெஃப்ரிஸ் - பூசி வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. முதல் நூலில் பட்ட சூடு மறக்கவில்லை. புது நாவலான 'ட்ரெட்' அச்சாகும் வேளையில் கணவர், மூத்த மகன் ஹென்றி, இரட்டைப் பெண்கள் ஆகியோரோடு ஹாரியட் கடல் கடந்தார். நூலுக்கு உரிமை வேண்டுமென்றால் ஆசிரியை உடலோடு அங்கே போய் நிற்க வேண்டும். பேச வேண்டியதில்லை, இருந்தால் போதும்.

ஆகஸ்டில் நூல் வெளியாயிற்று. நான்கு வாரங்களில் லட்சம் பிரதிகள் விற்றன. ஸ்காட்லாந்து செல்லும் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் விக்டோரியா அரசியை இவர்கள் 'தற்செயலாக'ச் சந்தித்தனர். முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட தற்செயல் அது. அடிமை ஒழிப்பு எழுத்தாளரை அரண்மனைக்கு அழைத்தால் அமெரிக்க அரசோடு சங்கடம், பார்க்காமலிருக்கவும் மனமில்லை. அரசி முகம் மலர்ந்து பார்த்ததையும் இளவரசர் ஆல்பர்ட் வணங்கியதையும் ஊருக்கு எழுதித் தெரிவித்தவர் கல்வின்தான். ஒரு சிறுவனின் உற்சாகம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

வழக்கம்போல் அவர் முன்னதாகத் திரும்பிவிட்டார். செப்டம்பரில், சதர்லாந்து குடும்பத்தின் டன்ராபின் கோட்டையில் விருந்தினராக இருந்துகொண்டு ஹாரியட் அவருக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் தேவதைக் கதைபோல் இருக்கிறது என்பது அதன் தொனி. எந்தப் பண்ணையைப் பற்றி உலகம் இரண்டாகப் பிரிந்து வாதாடியதோ, அந்தப் பண்ணையின் நடுவே தங்கியிருந்தார்; வெளியேற்றப்பட்டவர் ஒருவரைத் தேடிப் பேசியதாக அதில் ஒரு வரியும் இல்லை. ரோம் வரை சென்று 1857 சூனில் ஊர் திரும்பினார். சூலையில் டார்ட்மவுத் கல்லூரி மாணவனான ஹென்றி ஆற்றில் மூழ்கி இறந்தான். வயது பத்தொன்பது.

எக்ஸிட்டர் ஹாலில் கல்வின் எழுப்பிய கேள்வியை 1859இல் மற்றொருவர் வந்து எழுப்பினார். சாரா பார்க்கர் ரெமண்ட், அமெரிக்காவின் சேலம் நகரைச் சேர்ந்த கறுப்பினப் பெண். அடிமையாக இருந்தவரல்லர், சுதந்திரக் குடும்பத்தில் பிறந்தவர். லங்காஷயரின் ஆலை நகரங்களில் ஆணும் பெண்ணும் நிறைந்த அவைகளில், எவரும் அவருக்காகப் படிக்காமல், தாமே நின்று பருத்தியைப் பற்றிப் பேசினார்.

பிரிட்டிஷ் பெண்களின் அந்த 26 தொகுதி வேண்டுகோளுக்கு ஹாரியட் முறையான மறுமொழி எழுதியது பத்தாண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போரின் நடுவே. 'அட்லாண்டிக் மன்த்லி' 1863 சனவரி இதழில் அது வந்தது. அன்று எங்களுக்கு அறிவுரை சொன்ன நீங்கள், நாங்கள் இரத்தம் சிந்தும் இன்று தெற்குப் பக்கம் சாய்வது ஏன் என்று கேட்டிருந்தார். ஆலைகளில் அமெரிக்கப் பருத்தி வற்றிக்கொண்டிருந்த காலம் அது. கணவர் எக்ஸிட்டர் ஹாலில் கேட்டதை மனைவி இப்போது எழுத்தில் கேட்டார். போர் முடிந்த பின், அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த நாட்களையும் அந்தப் பொன் வளையத்தில் பொறித்துக்கொண்டார்.

1872 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஹாரியட் முதன்முறையாகக் கட்டணக் கூட்டமொன்றில் மேடையேறித் தம் படைப்புகளைத் தாமே படித்தார். வயது அறுபத்தொன்று. நியூ இங்கிலாந்து நகரங்களில் நாற்பது கூட்டங்களுக்கு ஒப்பந்தம். ரயில் மாறி ரயில் ஏறி, இரவு விடுதிகளில் தங்கி, இன்று குரல் நன்றாக இருந்தது, நேற்றுக் களைப்பாக இருந்தது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கடிதங்கள் வீட்டிலிருந்த கல்வினுக்கு.